ஆறே கால் மணிக்கு அணையும் கம்பியூட்டர்

எங்க தோட்டத்துல எந்தப் பொருள் பழுதானாலும் அதுக்கு ஒரு காரணம் ஏற்கெனவே தயாரா இருக்கும். "லைன்ல கரண்ட் சரியில்ல." டீவி போனாலும் அதுதான், ஃபோன் சார்ஜர் வெடிச்சாலும் அதுதான், ரெண்டு மாசத்துல பல்பு பியூஸ் போனாலும் அதுதான். லைன் என்ற சொல்லுக்கு எங்களிடம் இரண்டு அர்த்தம் உண்டு: கரண்ட் வருகிற லைன், நாங்கள் குடியிருக்கிற லைன். அந்தப் பதில் இரண்டுக்கும் பொருந்தும் என்பதால்தானோ என்னவோ யாரும் அதற்கு மேல் கேட்பதில்லை.

அந்தப் பதில் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. என் விஷயத்தில் அது பாதி உண்மை. ஆனால் எந்த இடத்தில் சரியில்லை, எத்தனை வோல்ட் சரியில்லை, எந்த நேரத்தில், அது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே போனால் வேறொரு விஷயம் வெளியே வருகிறது. புதுசா பூட்டின ஒரு கம்பியூட்டர் ஏழு வாரம் எங்களைப் படுத்தின பாட்டை எழுதுவது அதற்காகத்தான். இதே மாதிரி ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு முழிக்கிற யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

கொஞ்சம் முன்கதை. நான் கொழும்பில் ஒரு அச்சகத்தில் மூன்று வருஷம் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்த்தேன். கல்யாண கார்ட், பாடசாலை மலர், நினைவு மலர், தேர்தல் வந்தால் போஸ்டர். சம்பளத்தில் பாதி போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். வேலை எல்லாமே வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும்தான் வருகிறது, போகிறது. அப்படியானால் நோர்வூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் லயத்திலிருந்தே அதைச் செய்ய முடியாதா என்பதுதான் கேள்வி. முதலாளியும் சம்மதித்தார். சொந்தமாக ஒரு கம்பியூட்டர் மட்டும் வேண்டும்.

2025 தை மாதம் பாகம் பாகமாக வாங்கினேன். எல்லாம் சேர்த்து 1,68,000 ரூபா. 2022இல் டொலர் 200லிருந்து 360க்கு எகிறினதுக்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலை பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா. அம்மா அதை உடனே கணக்குப் போட்டுவிட்டார்: "நான் 124 நாள் மலைக்குப் போகணும்டி." அது என் சேமிப்புத்தான், அம்மாவின் காசு இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் எந்த விலையும் கடைசியில் அந்தக் கணக்கில்தான் வந்து நிற்கும்.

ப்ரொசெசர் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், 65 வொட், திரைக்குப் படம் காட்டும் கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது, தனிக் கார்ட் வாங்கத் தேவையில்லை. மதர்போர்ட் பி450 வகை, கடையில் ரொம்ப நாள் கிடந்தது என்று விலை குறைத்துத் தந்தார்கள். பெட்டியோடு சேர்த்து ஒரு 500 வொட் பவர் சப்ளை. நானும் சித்தி மகனும் சேர்ந்து பூட்டினோம். அவன் உயர்தரத்தில் தொழில்நுட்பம் படிக்கிறவன்.

சுவிட்சைப் போட்டோம். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. திரையில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நிறையப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவார்கள். அதற்கு முன்னால் மதர்போர்டைக் கொஞ்சம் பாருங்கள். இப்போது வருகிற பல போர்ட்களின் ஓரத்தில் நான்கு சின்ன லைட் இருக்கும்: ப்ரொசெசர், மெமரி, கிராபிக்ஸ், பூட். மெஷின் எழும்பும்போது ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகும், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டதோ அந்த லைட் எரிந்தபடியே நிற்கும். எங்களுக்கு ப்ரொசெசர் லைட் சிவப்பாக நின்றது. கடைக்குப் போன் எடுத்துச் சொன்னதும் பதில் வந்தது: "ப்ரொசெசர் செத்திருக்கும். தங்கச்சி, வீட்டுல அண்ணன் யாரும் இருந்தா பேசச் சொல்லுங்க."

அண்ணன் யாரும் இல்லை. அதனால் நாங்களே யோசித்தோம்.

புது ப்ரொசெசர் ஒன்று பெட்டியிலிருந்து வரும்போதே செத்திருப்பது அபூர்வம். அந்த லைட் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, போர்டின் மேல் மூலையில் ப்ரொசெசருக்கென்றே தனியாக வருகிற எட்டு முள் மின் இணைப்பு. பெரிய 24 முள் இணைப்பை எல்லாரும் போடுவார்கள், இதை மறப்பவர்கள் உண்டு. எங்களுடையது ஒழுங்காகவே இருந்தது. அடுத்தது கால்கள். இந்த வகை ரைசனில் 1,331 முள், எல்லாம் ப்ரொசெசரின் அடியிலேயே. ஒன்று வளைந்திருந்தாலும் வேலை செய்யாது. கழற்றி, ஃபோன் டோர்ச்சைச் சாய்வாகப் பிடித்து வரிசை வரிசையாகப் பார்த்தோம். தேயிலைக் கன்று நட்ட மாதிரி நேர் வரிசை, ஒன்றுகூட வளையவில்லை.

மிச்சம் இருந்தது வயசு. பி450 போர்ட் வெளிவந்தது 2018இல். 5600ஜி கடைகளுக்கு வந்தது 2021 ஆகஸ்டில். போர்டுக்குள் இருக்கிற பயாஸ் என்கிற சின்ன மென்பொருளுக்கு, தனக்கு மூன்று வருஷம் பிறகு பிறந்த ப்ரொசெசரை எப்படித் தெரியும்? இரண்டும் ஒரே சொக்கெட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது. தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு பட்டியல் உண்டு: எந்த ப்ரொசெசர், எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து. எங்கள் போர்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் இருந்த பதிப்பு அந்தப் பட்டியலில் கேட்டதைவிட ரொம்பப் பழையது.

நல்ல காலம், போர்டின் பின்பக்கம் பயாஸை மாற்றுகிற ஒரு பட்டன் இருந்தது. ப்ரொசெசரே இல்லாமல்கூட அது வேலை செய்யும். பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்து, புதுப் பயாஸ் கோப்புக்கு அவர்கள் சொன்ன பெயரை வைத்து, குறிப்பிட்ட யூஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். லைட் மினுங்கத் தொடங்கும். முடியும்வரை கரண்ட் போகக் கூடாது. எங்கள் ஊரில் இது கொஞ்சம் துணிச்சலான காரியம்தான். காலை பத்து மணிக்கு, வானம் வெளிச்சமாக இருக்கிற நாளாகப் பார்த்துச் செய்தோம். ஆறேழு நிமிஷம். பிறகு சுவிட்சைப் போட்டதும் சிவப்பு லைட் ஒரு கணம் எரிந்து அணைந்தது, திரை வந்தது. சித்தி மகன் இஸ்தோப்பில் ஓடிப்போய்க் கத்தினான். பக்கத்து வீட்டு ஆச்சி யாருக்கோ பாம்பு கடித்துவிட்டது என்று எழும்பி வந்துவிட்டார்.

செத்த ப்ரொசெசர் இப்படி உயிர் பெற்றது. கதை இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நான்காம் நாள் மாலை, ஒரு நினைவு மலரின் முப்பதாவது பக்கத்தில் இருக்கும்போது மெஷின் டக்கென்று அணைந்தது. எச்சரிக்கை இல்லை, நீலத் திரை இல்லை. வீட்டில் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. திரும்பப் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி எழும்பியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் இல்லை. பிறகு ஒரே மாலையில் இரண்டு தடவை.

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, மெஷினின் நாட்குறிப்பு மாதிரி. திறந்தால் ஒவ்வொரு தடவைக்கும் "கேர்னல் பவர் 41" என்று சிவப்பில் இருக்கும். இதைப் பார்த்தவுடன் பவர் சப்ளை போச்சு என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் அதிகம். அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்றுதான்: முறைப்படி மூடாமல் மெஷின் நின்றுவிட்டது. ஏன் என்று அதற்கே தெரியாது. ப்ரொசெசர் பிழை விட்டிருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னால் நீலத் திரை வந்து ஒரு குறியீடு பதிந்திருக்கும், அல்லது வீயா லொகர் என்ற பெயரில் வன்பொருள் பிழை ஒன்று எழுதப்பட்டிருக்கும். எங்கள் பதிவில் இரண்டும் இல்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் வாக்கியத்தின் நடுவில் காணாமல் போன மாதிரி இருந்தது. அதாவது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாமலே கரண்ட் நின்றிருக்கிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டியைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து, ஹட்டன் வரை. இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட அணையவில்லை. "எங்க பாவிக்கிறீங்க தங்கச்சி, தோட்டத்துலயா?" ஆமாம் என்றேன். "அப்ப அதுதான். உங்க லைன்ல கரண்ட் சரியில்ல. இதுக்கு வாரன்டி பேச ஏலாது." சாக்கில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்தேன்.

அந்த ராத்திரிகளில் ஃபோனில் படித்த கதைகள் கொஞ்சநஞ்சமில்லை. 2024இல் உலகம் முழுக்க இதே வாக்கியத்தை வேறு மொழியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறையின் பெரிய ப்ரொசெசர்கள் வைத்திருந்தவர்களுக்கு விளையாட்டுகள் நடுவில் விழுந்தன. திரையில் வந்த செய்தி கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்றது, அதனால் நல்ல கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். மதர்போர்ட் அமைப்புகளின் மேல் கொஞ்ச காலம் பழி போனது. ஒருவழியாக 2024 ஜூலையில் இன்டெல்லே சொன்னது: ப்ரொசெசருக்குள் இருக்கும் மைக்ரோகோட் தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்டு வாங்குகிறது, அது காலப்போக்கில் சிப்பையே கெடுக்கிறது. ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் திருத்தம் வந்தது, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரன்டியை மேலும் இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அந்தத் திருத்தம் குணமாக்காது. அதற்கு முந்தின வருஷம் ஏஎம்டி பக்கத்திலும் ஒன்று நடந்தது. ரைசன் 7000 எக்ஸ்3டி வகை சில, சொக்கெட்டோடு கருகின. ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை 1.3க்கு மேல் போக விடாமல் பயாஸில் கட்டுப்படுத்தித்தான் அதை நிறுத்தினார்கள்.

என்னுடைய ப்ரொசெசருக்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு விஷயம் எனக்கு உதவியது. அங்கே காரணத்தைப் பிடித்தவர்கள் கோபப்பட்டவர்கள் இல்லை. எந்த மெஷின், எந்த நேரம், என்ன வேலை என்று குறித்து வைத்தவர்கள்.

நானும் ஒரு கொப்பி போட்டேன். அணையும் ஒவ்வொரு தடவையும் நேரம், செய்துகொண்டிருந்த வேலை, வானம் எப்படி. சித்தி மகன் சொல்லி ப்ரொசெசரை முழு வேலையில் வைக்கிற சோதனை மென்பொருள்களையும் ஓட்டினோம். காலையில் இரண்டு மணித்தியாலம் ஓடினாலும் மெஷின் அசையவில்லை. மூன்று வாரத்தில் கொப்பியில் பதினேழு வரி. அதில் பதினைந்து மாலை ஆறே காலுக்கும் ஏழரைக்கும் இடையில். மிச்சம் இரண்டும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

கொப்பியை அம்மா ஒரு தடவை வாங்கிப் பார்த்தார். "ஆறே காலுக்கு நான்தானே கேத்தல் போடுறேன்" என்றார். ஞாயிறு பின்னேரம் தங்கச்சி ஸ்கூல் உடுப்பு அயர்ன் பண்ணுகிற நேரம். மூன்று வாரம் நான் ஈவன்ட் வியூவரில் தேடினது அம்மாவின் கையில் இருந்தது.

தோட்டத்தில் வயரிங் வேலை செய்கிற மாமா ஒருவரைக் கூப்பிட்டோம், அவரிடம் மல்டிமீட்டர் இருந்தது. (வீட்டுக் கரண்டை அளப்பது விளையாட்டு இல்லை. பழக்கமில்லாதவர்கள் தயவுசெய்து தனியாகச் செய்யாதீர்கள்.) இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட், 6 வீதம் கூடக் குறைய இருக்கலாம், அதாவது ஏறக்குறைய 216க்கும் 244க்கும் நடுவில். மாலை ஆறே காலுக்கு எங்கள் மீட்டர் பெட்டியில் 208. லயமே சமைக்கிற நேரம், டிரான்ஸ்ஃபோர்மர் வேறு தூரத்தில். சரி, கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிறகு கம்பியூட்டர் செருகியிருக்கிற பிளக்கில் அளந்தார், 207. அம்மாவைக் கேத்தலும் ரைஸ் குக்கரும் போடச் சொன்னார். அதே பிளக்கில் 184.

மாமா மீட்டரைத் தட்டிப் பார்த்தார். கேத்தலை நிறுத்தினோம், ஏறியது. போட்டோம், இறங்கியது.

பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிளை அப்போதுதான் எல்லாரும் குனிந்து படித்தோம். உள்ளே வரும் மின்சாரம்: 200 முதல் 240 வோல்ட். எங்கள் பிராந்தியத்துக்கென்று மலிவாகச் செய்யப்படுகிற பல பவர் சப்ளைகள் இப்படித்தான் வரும். கொஞ்சம் விலை கூடினதில் 100 முதல் 240 என்று இருக்கும், அது அமெரிக்காவிலும் வேலை செய்யும், ஆறே கால் மணிக்கு எங்கள் லயத்திலும் வேலை செய்யும். கொட்டகலையில் இருக்கிற சிநேகிதி ஒருத்தியின் மெஷினிலிருந்து அப்படி ஒன்றைக் கழற்றி வந்து மாட்டினோம். கேத்தல், குக்கர், அயர்ன், எதைப் போட்டாலும் மெஷின் அணையவில்லை.

ஆகவே பதினையாயிரம் ரூபா அளவில் நல்ல பவர் சப்ளை ஒன்றை வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது. நான் அப்படித்தான் சொன்னேன். மாமாதான் விடவில்லை. "உன் பெட்டிக்குத் தீந்துச்சும்மா. அந்த இருவத்திச் சொச்சம் வோல்ட் எங்க போச்சுன்னு பாக்க வேணாமா?"

வோல்ட் சும்மா காணாமல் போகாது. எங்கள் லயத்தில் மீட்டர்கள் கோடிச் சுவரில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து எங்கள் காம்பராவுக்கு வருகிற வயர் மற்ற வீடுகளின் கூரைக்கு அடியால் கிட்டத்தட்ட 40 மீட்டர் வருகிறது. எந்தக் காலத்திலோ இழுத்த மெல்லிய வயர், ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்பு. போக 40, வர 40, மொத்தம் 80 மீட்டர் செம்பு. அதற்கு ஏறக்குறைய 1.4 ஓம் தடை. கேத்தலும் குக்கரும் கம்பியூட்டரும் சேர்ந்து 10 அம்பியர் இழுத்தால் வயர் மட்டுமே 14 வோல்டைச் சாப்பிடும். 24இல் 14 போக மீதி 10. அது எங்கே?

மாமா தகரத்துக்கு அடியில் டோர்ச்சோடு ஏறினார். மூன்று இடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தது. மூன்றிலும் டேப் உருகிக் கறுத்துப் போயிருந்தது. ஒன்றுக்குப் பக்கத்திலிருந்த மரச் சட்டமும் கறுப்பு.

10 வோல்டை 10 அம்பியரால் பெருக்கினால் 100 வொட். மூன்று இணைப்புக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் முப்பது வொட்டுக்கு மேல் சூடு. ரேடியோ திருத்துகிறவர்கள் ஈயம் உருக்கப் பிடிக்கிற சோல்டரிங் அயர்ன் ஒன்று அந்த அளவுதான். அப்படி மூன்றை எங்கள் கூரைக்கு அடியில், பழைய மரத்தில் சாத்தி வைத்து, ஒவ்வொரு மாலையும் அம்மா கேத்தல் போடும்போது சூடாக்கிக்கொண்டிருந்தோம். அந்த ரைஸ் குக்கரும் 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது வாங்கினது. அதற்கு முன்னால் அந்த வயருக்கு அவ்வளவு பாரம் இல்லை.

"ட்ரிப் சுவிட்ச் இருக்கே, அது விழாதா?" என்று தங்கச்சி கேட்டாள். விழாது. ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது போன கரண்ட் திரும்பி வருகிறதா, வழியில் யார் உடம்பிலாவது இறங்கிவிட்டதா என்று. பிரேக்கர் பார்ப்பது அளவுக்கு மீறி இழுக்கிறதா என்று. தளர்ந்த இணைப்பில் இரண்டும் நடக்கவில்லை. போன பத்து அம்பியரும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது, வழியில் சூட்டை மட்டும் விட்டுவிட்டு. லயத்தில் தீ பிடித்தால் பத்திரிகையில் "மின்கசிவு" என்று ஒரு வரி வரும். எனக்கு இப்போது அந்தச் சொல்லைப் பார்த்தால் கோபம் வருகிறது. கசிவு இல்லாமலும் எரியும்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் பக்கம் எந்த மேட்டில் நின்றாலும் தண்ணீர் தெரியும், காசல்ரீ அல்லது மவுசாகலை. கீழே நோர்ட்டன் பிரிட்ஜ், லக்ஷபான. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். பழைய லக்ஷபான மின்நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா பட்டணமே தண்ணீருக்குள் போனது, நீர் வற்றுகிற வருஷங்களில் பழைய கோயில் தலை காட்டும். அந்த மின்சாரம் கொழும்புக்குப் போய்ப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் பக்கத்து லயங்களுக்கு வந்தது. அது வந்தபோது போட்ட வயர் ஒரு காம்பராவுக்கு இரண்டு பல்பு, ஒரு ரேடியோ என்ற கணக்குக்கு. அதே வயரில் இன்று கேத்தல், ஃப்ரிட்ஜ், அயர்ன், ஐந்து ஃபோன் சார்ஜர், இப்போது ஒரு கம்பியூட்டர்.

ஏன் யாரும் மாற்றவில்லை என்று கேட்பது சுலபம். வீடு எங்களுடையது இல்லை. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு சுவரை இடிக்கவும், ஒரு ஜன்னல் வைக்கவும் கேட்க வேண்டும். நாளைக்குத் தனி வீடு வரும், காணி வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள், சிலருக்கு வந்தும் இருக்கிறது. வரப்போகிற வீட்டை நம்பி இருக்கிற வீட்டில் யார் காசு போடுவார்கள்? அப்பா இருந்த காலத்திலும் இதே பேச்சுத்தான். டேப் சுற்றியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தற்காலிகமாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள் தற்காலிகமாகத்தான் வயர் இழுப்பார்கள்.

எழுத்தில் அனுமதி கேட்டோம். பன்னிரண்டு நாளில் கிடைத்தது, மாமா அதையே பெரிய வேகம் என்றார். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் வயர், நடுவில் இணைப்பே இல்லாமல் ஒரே ஓட்டம், குழாய்க்குள். கூடவே ஒரு எர்த் கம்பி அடித்தோம். முன்பு பெட்டியைத் தொட்டால் விரலில் சுள் என்று ஒரு உணர்வு வரும். அது பழுது இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டி எர்த் வழியாக அனுப்ப வேண்டிய கொஞ்சக் கரண்ட், போக இடமில்லாமல் பெட்டியில் நிற்கும். எங்கள் ஊரில் மூன்று துளை பிளக்கின் மேல் துளையில் பேனா மூடியைச் செருகி இரண்டு முள்ளை உள்ளே தள்ளுகிற வித்தை எல்லாருக்கும் தெரியும். எர்த் எதற்கு என்று தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

வேலை முடிந்த மாலை ஆறே காலுக்கு மீட்டரில் 208, கேத்தலும் குக்கரும் ஓடும்போது பிளக்கில் 202. கணக்கில் வந்த ஆறு வோல்ட் அப்படியே. பழைய பவர் சப்ளையும் இப்போது ஓடியது. இருந்தாலும் லேபிள் விளிம்பில் நிற்பது சரியில்லை என்று பிறகு 100–240 ஒன்றை வாங்கிவிட்டேன். மீட்டரிலேயே 208 இருப்பதற்கு ஒரு முறைப்பாடும் கொடுத்திருக்கிறோம், அது வேறு கதை.

யூபிஎஸ் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வாங்கலாம், ஆனால் இந்த நோய்க்கு மருந்தாக வாங்காதீர்கள். 650 விஏ என்று விற்கிறதற்குள் இருப்பது வழக்கமாக ஒரு 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி. சேமித்துக்கொண்டு மூட பத்துப் பதினைந்து நிமிஷம் தரும், அதற்குத்தான் அது. ஒவ்வொரு மாலையும் வோல்டேஜ் குறைந்து குறைந்து அது டிக் டிக்கென்று மாறிக்கொண்டிருந்தால் பற்றரி ஒரு வருஷத்தில் கிழடாகிவிடும், கூரைக்கு அடியில் டேப் அப்படியே கருகிக்கொண்டிருக்கும். 2025 பெப்ரவரி 9ஆம் தேதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடே இருளான அன்று யூபிஎஸ் வைத்திருந்தவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள். குரங்குக்கு அது நல்ல மருந்து. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி இடிக்கும்போது மட்டும், எது வைத்திருந்தாலும், பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ரவுட்டரையும் சேர்த்து.

இப்போது நான் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். கொழும்புப் போர்டிங்கின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

மாமாவும் சித்தி மகனும் அந்த மல்டிமீட்டரோடு லயத்தில் மற்ற வீடுகளையும் அளந்தார்கள். கொப்பியின் பின் பக்கத்தில் பட்டியல் இருக்கிறது: வீட்டு எண், மீட்டரில் எவ்வளவு, கேத்தல் போட்டால் பிளக்கில் எவ்வளவு. பதினொரு வீட்டில் நான்கில் இறக்கம் 20 வோல்டுக்கு மேல். இரண்டு வீட்டில் வயர் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதில் மகன் டுபாயிலிருந்து காசு அனுப்பியதும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது ஆச்சியின் வீடு, பாம்பு என்று எழும்பி வந்தவர். தனியாக இருக்கிறார், கேத்தல் மட்டும்தான் பாவிக்கிறார். வயருக்கு நாங்கள் சேர்த்த காசு மாமாவிடம் இருக்கிறது, அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் கேத்தல் எங்கள் வீட்டில் கொதிக்கிறது, ஆறே காலுக்குத் தங்கச்சி ஃப்ளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறாள்.